பினாங்கு: கண்ணுக்கும் நாவுக்கும் ஒரு நகர்

விடுமுறையில் அயல்நாடு செல்வோர் பலர், புகழ்பெற்ற கட்டடங்களைக் கண்டு, படம் பிடித்து, கடைத்தெருவிற் சில பொருள்களை வாங்கி மீள்வர். அவ்வூர் மக்கள் காலையில் யாது உண்கின்றனர், அவ்வுணவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என ஆராய்வோர் சிலரே. ஆயினும், ஊரின் வரலாற்றை உணவுக் கலத்திலே காணக்கூடிய நகரங்கள் சில உள. மலேசியாவின் வடமேற்குக் கரையை அடுத்துள்ள பினாங்குத் தீவில் அமைந்த ஜோர்ஜ் டவுண் நகரம் அத்தகையது. நான்கைந்து நாள் விடுமுறையை அங்கே கழிக்க விரும்புவோர், எதனைக் காண்பது, எதனை உண்பது, இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தன என்பவற்றை முன்னரே அறிந்து செல்வாராயின், அவர் பெறும் பயன் இருமடங்காகும்.

இந்நகரம் தோன்றிய வரலாறு வணிகத்தோடு தொடங்குகின்றது. பினாங்குத் தீவு முன்னர் கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிப்பிடும் நாடு இக்கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. 1786ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சிஸ் லைற் என்னும் ஆங்கில வணிகர் கிழக்கிந்தியக் கொம்பனியின் சார்பில் இத்தீவில் இறங்கினார்; ஓகத்து மாதத்தில் முறைப்படி கொடியேற்றினார். பகைவர் வரின் கொம்பனி துணை நிற்கும் என்னும் நம்பிக்கையிலேயே சுல்தான் தீவினை விட உடன்பட்டார். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. அக்கால ஆங்கில மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது.

லைற் இத்துறைமுகத்தைச் சுங்கவரியற்ற துறைமுகமாக அமைத்தார். வரியில்லாத் துறைக்குக் கப்பல்கள் விரைந்து வந்தன. கப்பல்களோடு மாந்தரும் வந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும், தென்சீனத்திலிருந்து ஹொக்கியேன், கன்ரன் மொழி பேசுவோரும், சுமாத்திராவிலிருந்து ஆச்சேயரும், பர்மியர், சீயத்தார், ஆர்மீனியர், அறபியர் ஆகியோரும் ஈண்டுக் குடியேறினர். சூலியா வீதி, ஆர்மீனியர் வீதி, ஆச்சே வீதி என இன்றும் வழங்கும் தெருப்பெயர்கள் இதற்குச் சான்றாகும். அப்பெயர்களைப் படித்துக்கொண்டு நடப்பவர் நகரின் குடிவரலாற்றையே படித்தவராவர்.

காட்சிகளைக் காணத் தொடங்குவதற்கு ஏற்ற இடம், முன்னாளிற் பிற் வீதி எனப்பட்டு, இந்நாளில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் வீதி என வழங்கும் தெருவாகும். அதன் ஒரு கோடியில் 1818ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜோர்ஜ் ஆலயம் வெண்டூண்களோடு விளங்குகின்றது. தென்கிழக்காசியாவில் உள்ள அங்கிலிக்கன் ஆலயங்களுள் இதுவே மிகப் பழையது. சிறிது தூரத்திற் சீனர் வழிபடும் குவான் யின் கோயில் ஊதுவத்திப் புகை சூழ நிற்கின்றது. அதனை அடுத்து, குயின் வீதியை நோக்கிய கோபுரத்தோடு மகாமாரியம்மன் கோயில் உள்ளது; இது 1833ஆம் ஆண்டில் எழுந்தது. மேலும் நடப்பின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அடையலாம். தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகரும், தம் சமூகத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவருமாகிய காதர் மொகிதீன் என்பார் 1801ஆம் ஆண்டளவில் இதனை நிறுவினார். கெலிங் என்பது கலிங்கம் என்னும் பெயரின் திரிபு என்பர். இன்று ஒருவரை அச்சொல்லால் அழைப்பது இழிவாகக் கொள்ளப்படும். பள்ளிவாசலின் பெயரில் மாத்திரம் அது பழமை கருதி நிலைத்துள்ளது. நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் ஒரு நாழிகைக்குள் நடந்து காணத்தக்க தொலைவில் அமைந்திருத்தலால், இதனை நல்லிணக்க வீதி எனவும் வழங்குவர்.

இந்நல்லிணக்கம் தானாக முளைத்ததன்று. 1867ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் இந்நகரத்துத் தெருக்களிலே பத்து நாட்கள் பெருங்கலகம் நிகழ்ந்தது. சீனரின் இரகசியச் சங்கங்கள் இரண்டு, ஒன்றோடொன்று மோதின. செங்கொடி, வெண்கொடி எனப்பட்ட முஸ்லிம் கூட்டங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகச் சேர்ந்துகொண்டன. எனவே அது ஓர் இனம் இன்னோர் இனத்தோடு பொருத போரன்று. இனங்களைக் கடந்து நட்புக் கொண்டவர்களே இனங்களைக் கடந்து பகையும் கொண்டனர். அத்தகைய நாட்களைக் கண்ட பின்னரும் அதே தெருக்களில் அடுத்தடுத்து வாழக் கற்றுக்கொண்டமையே இந்நகரத்தாரின் சிறப்பாகும். அவர்கள் அதனைக் கற்ற இடங்களுள் ஒன்று உணவுக்கடை.

காலையுணவிலிருந்தே இதனைக் காணலாம். தமிழ் முஸ்லிம்களின் கடைகளிற் கோதுமை மாவை வீசி விரித்துத் தோசைக்கல்லிற் சுட்டெடுக்கும் ரொட்டிச் சானாயும், இரு குவளைகளுக்கிடையே நீளமாக ஆற்றப்படும் ‘தே தாரிக்’ என்னும் பாற்றேநீரும் கிடைக்கும். நமது அப்பம் அங்கே ‘அப்போம்’ என்னும் பெயரோடும், இடியப்பம் ‘புட்டு மாயம்’ என்னும் பெயரோடும் வழங்குகின்றன. சொதியும் சம்பலும் சேர்த்து இடியப்பம் உண்டு பழகிய இலங்கையர், அங்கே தேங்காய்த் துருவலும் சருக்கரையும் இட்டு அதனை உண்பதைக் கண்டு வியப்பர். கடை என்னும் தமிழ்ச்சொல் ‘கெடாய்’ எனவும், கறி ‘காரி’ எனவும் மலாய் மொழியிற் புகுந்து நிலைபெற்றுள்ளன. நாசி லெமாக், ரொட்டிச் சானாய், தே தாரிக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டினை யுனெஸ்கோ நிறுவனம் 2024ஆம் ஆண்டில் மானிட குலத்தின் அருவ மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. பல்லினத்தார் ஒருங்கிருந்து உண்ணும் வழக்கமே அப்பதிவின் அடிப்படை.

பினாங்கின் பெயரோடு பிரிக்க முடியாது இணைந்த உணவு ‘நாசி கண்டார்’ ஆகும். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் தடியின் ஒரு புறத்தே சோற்றையும் மறுபுறத்தே கறிகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரை நாடிச் சென்றனர். தடி மறைந்துவிட்டது, பெயர் மறையவில்லை. இக்காலத்தில் இறைச்சி, மீன், கணவாய், வெண்டிக்காய் முதலியவற்றுள் வேண்டியதைச் சோற்றின்மேல் இட்டு, பல கறிகளின் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வார்ப்பர். சோறு மூழ்குமாறு வார்க்கவேண்டின் ‘பஞ்சிர்’ எனக் கேட்டல் வேண்டும். அம்மலாய்ச் சொல்லுக்கு வெள்ளம் என்பது பொருள்.

மற்றொன்று ‘அசாம் லக்சா’. கும்பளா இனத்து மீனை அவித்து உதிர்த்துப் புளியிட்ட சாற்றிலே தடித்த அரிசி நூடில்சை இட்டு, அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சியினத்துச் செடியொன்றின் மொட்டு ஆகியவற்றை மேலே தூவி, கரிய இறாற் கூழையும் சிறிது சேர்த்து அளிப்பர். அசாம் என்றால் புளிப்பு. சீனரது நூடில்சும் மலாய்க்காரரது புளியும் மூலிகையும் இதிற் கலந்துள்ளன. சீன ஆடவர் உள்ளூர்ப் பெண்டிரை மணந்தமையாலே தோன்றிய பாபா நியோன்யா எனும் சமூகத்தார், இவ்வகைக் கலப்புச் சமையலை ஒரு கலையாகவே வளர்த்தனர். ‘மீ கோரெங்’ என்னும் உணவிற் சீனரின் மஞ்சள் நூடில்சைத் தமிழ் முஸ்லிம் சமையலாளர் மலாய் மிளகாய்க் கூழிட்டு வறுக்கின்றனர். மூவினத்தாரும் அவ்வொரு கோப்பையிற் பங்காளிகளாவர்.

‘சார் கொய் தியாவ்’ என்பது தட்டையான அரிசி நூடில்சை இறால், மட்டி, முட்டை, முளைப்பயறு ஆகியவற்றுடன் இரும்புத் தாச்சியில் வறுத்தெடுப்பது. கடுந்தீயிற் சிறிது நேரமே வறுத்தல் வேண்டும். தீ தணியின் நீர் விட்டுச் சுவை கெடும். ஆகவே அதிற் கைதேர்ந்தோர் ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியே சமைப்பர். அதனாலேதான் அக்கடைகளின் முன் மக்கள் பொறுமையோடு காத்து நிற்கின்றனர். இறுதியிற் குளிர்ச்சிக்குச் ‘செண்டோல்’ உண்டு: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, பச்சை நிற மாவிழைகள் ஆகியவற்றின் சேர்க்கை அது.

உண்போர் அறியவேண்டிய ஒழுங்குகள் சில உள. சீனர் கடைகளிற் பன்றிக் கொழுப்புப் பயன்படுத்தப்படுதல் வழக்கம். முஸ்லிம்கள் அதனை விலக்குவர். இந்துக்களுட் பலரும் சீனருட் சிலரும் மாட்டிறைச்சியை விலக்குவர். ஒருவரது கலத்தை மற்றொருவரது மேசைக்குக் கொண்டு செல்லும் முன் கேட்டுத் தெளிவதே அவ்வூர் மரியாதை. சைவ உணவு உண்போர் மார்க்கெற் வீதியை அண்டிய இந்தியர் கடைகளில் வாழையிலைச் சோறு பெறலாம். சீன மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களிற் பௌத்தர் பலர் மரக்கறி உண்பதால், அந்நாட்களிற் சீனர் கடைகளிலும் மரக்கறி உணவு எளிதிற் கிடைக்கும்.

நகருக்கு வெளியேயும் காணத்தக்கவை பல. 1923ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்ட மலைரெயில், எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய பினாங்கு மலைக்கு ஏற்றிச் செல்கின்றது. உச்சியிலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அண்மையண்மையாக உள்ளன. ஆயர் ஈத்தாம் குன்றின்மீதுள்ள கெக் லோக் சி விகாரையின் கோபுரம், அடியிற் சீனமுறையாகவும் நடுவிற் சீயமுறையாகவும் முடியிற் பர்மியமுறையாகவும் அமைந்து, 1930ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. சீயரின் விகாரையும் பர்மியரின் விகாரையும் ஒரே சிறு தெருவில் எதிரெதிரே நிற்கின்றன. இலங்கைப் பௌத்த மரபுக்குரிய மகிந்தாராம விகாரையும் 1918ஆம் ஆண்டு முதல் இந்நகரில் உண்டு. தைப்பூசக் காலத்திற் செல்வோர், நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வெள்ளித்தேர் நகரினூடே செல்கையிற் சீனரும் தமிழரோடு நின்று தெருவெங்கும் தேங்காய் உடைப்பதைக் காணலாம்.

இத்தகைய நகர் இனியும் இவ்வாறே நிலைக்குமா என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்தி வைத்திருந்தது. வாடகை குறைவாதலின் உரிமையாளர் வீடுகளைப் பழுதுபார்க்கவில்லை. எளிதில் இடிக்கவும் இயலவில்லை. அதனால் மரவேலையாளரும் தட்டாரும் சிற்றுணவு விற்போரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். அக்கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நீங்கியதும் வாடகை உயர்ந்தது. பழங்குடிகள் பலர் நகரைவிட்டு அகன்றனர். 2006ஆம் ஆண்டிற் கடலின்மேல் மரக்கால் நாட்டிச் சீனக் குலத்தார் வாழ்ந்த துறைகளுள் இரண்டு இடிக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மலாக்காவோடு ஜோர்ஜ் டவுணும் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்புக் கட்டடங்களைக் காத்தது. எனினும் காணவருவோர் பெருகப் பெருக, வீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறின. கட்டடத்தைச் சட்டத்தாற் காக்கலாம். அதில் வாழ்ந்தோரை அங்கேயே இருத்துதல் அரிது.

சமையலின் நிலையும் இதுவே. தாச்சியின் முன் நாள்முழுதும் வெப்பத்தில் நிற்கும் தொழிலைப் படித்த பிள்ளைகள் விரும்புவதில்லை. தீயின் அளவும் புளியின் அளவும் ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றவை. பார்க்க மகன் இல்லையெனின் அவை அவரோடு முடியும். இதனை அஞ்சியே பினாங்கு மாநில அரசு, பெயர்பெற்ற உள்ளூர் உணவுகளை விற்குங் கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் தலைமைச் சமையலாளராக இருத்தலை 2016ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. இத்தடை சுவையைக் காக்கும் என்பார் ஒருசாரார். அந்நகரின் உணவு முழுவதும் வந்தேறிய ஏழைத் தொழிலாளர் கையாலே உண்டானதன்றோ, இன்று வருவோரை மாத்திரம் விலக்குதல் தகுமோ என வினவுவார் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு.

விடுமுறைக்குச் செல்வோர் இதனைத் தீர்த்தல் இயலாது. எனினும் அவர் கடமை சிறிதளவு உண்டு. சுவரோவியத்தின்முன் நின்று படம் பிடிப்பதோடு அமையாது, அருகேயுள்ள முதியவரின் கடையில் அமர்ந்து ஒரு கோப்பை உண்ணலாம். துறைவீடுகளின் வாயிலில் எட்டிப் பார்க்குமுன், அவை குடும்பங்கள் வாழும் இல்லங்கள் என்பதை நினைத்தல் நன்று. கோயிலிலும் பள்ளியிலும் பாதணி களைந்து, வழிபடுவோரைத் தடுக்காது நிற்றல் வேண்டும். வெயில் கடுமையாதலின் நடத்தலைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகலை மலைக்கோ நிழலுக்கோ ஒதுக்கலாம். பெயர்பெற்ற கைவினைஞர் நாளுக்கு ஓரளவே சமைப்பர். பானை ஒழிந்ததும் கடையை மூடுவர். ஆதலால் அவரிடம் உண்ண விரும்புவோர் முன்னரே சென்று வரிசையில் நிற்றல் வேண்டும். அவ்வரிசையில் முன்னே நிற்பவர் சீனராகவும் பின்னே நிற்பவர் மலாய்க்காரராகவும் இருப்பர். எக்கடையில் எது நன்று என்று அவரைக் கேட்டால், நகரத்தைப் பற்றிய மிகச் சிறந்த வழிகாட்டுரை அங்கேயே தொடங்கும்.