காந்த இருமுனை: முனைகளா, மின்வளையமா?

பௌதிகம் பயிலத் தொடங்கும் மாணவர்க்குக் காந்தத்தை அறிமுகப்படுத்த இரு வழிகள் உள்ளன. காந்தத்தின் இரு கோடிகளிலும் வடமுனை, தென்முனை என இருவகைக் காந்தப் பொருள் திரண்டு நிற்பதாகக் கொண்டு தொடங்குவது ஒன்று. 1785-இல் கூலும் தம் முறுக்குத் தராசினால், முனைகளுக்கிடையே உள்ள விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைவதைக் காட்டியபின் இவ்வழி உறுதி பெற்றது. மின்னோட்டம் பாயும் வளையமே காந்தத்தின் மூலவடிவம் எனத் தொடங்குவது மற்றொன்று. 1820-இல் கோபன்கேகனில் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி அருகிலிருந்த காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். காந்தத்தின் ஆற்றல் அதனுள் சுழலும் மின்னோட்டங்களால் ஆவதே என்று ஆம்பியர் அவ்வாண்டிலேயே எடுத்துரைத்தார்.

பாடநூல்கள் பலவும் முதல் வழியை விரும்புவதன் காரணம் எளிது. மின் இருமுனைக்குக் கண்ட வாய்பாட்டில் மின்னேற்றத்தின் இடத்தில் முனைவலிமையை இட்டால் பாடம் முடிந்துவிடுகிறது. விடையும் பிழையன்று, தொலைவிலிருந்து நோக்கின் இரண்டும் ஒன்றே. தொலைவு இருமடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகக் குறையும். எனினும் முனைவலிமை எவ்வளவு, முனை எவ்விடத்தில் உள்ளது என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் திகைக்க நேரும். அவ்விரண்டின் பெருக்குத்தொகையே திட்டமாக அளக்கத்தக்கது. வளையத்திற்கோ மின்னோட்டம், பரப்பு, சுற்றுகள் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். காந்தத்தை ஒடித்தால் ஒவ்வொரு துண்டிலும் இருமுனையும் தோன்றுவது ஏன் என்பதற்கும் இங்கே தனி விளக்கம் வேண்டுவதில்லை. சுருளை இரண்டாக்கினால் இரண்டு சுருள்கள் கிடைக்கும். நாணயத்தின் ஒரு முகத்தை மட்டும் யாரும் தனியே அறுத்தெடுத்ததில்லை.

உண்மையான வேறுபாடு உட்புறத்தில்தான் உள்ளது. இதை வகுப்பிலேயே காட்டலாம். 10 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள அட்டைக் குழாயின்மேல் 50 சுற்றுக் கம்பி சுற்றி, 1 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்துக. உள்ளே எழும் புலம், மலேசியா, சிங்கப்பூர் வட்டாரத்தில் உள்ள புவிக்காந்தப் புலத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. சுருளின் வடமுனைக் கோடி எது என்பதை வெளியே திசைகாட்டியை வைத்து முதலில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு, சிறிய திசைகாட்டியைக் குழாயின் நடுவே வைத்தால் அதன் வடமுனை எப்பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். முனைகளை மனத்தில் பதித்துக்கொண்ட மாணவன், "தென்முனைக் கோடியை நோக்கி" என்பான். ஒத்த முனைகள் விலக்கும் என்று நாமே கற்பித்தோம் அல்லவா! ஊசியோ சுருளின் வடமுனைக் கோடியையே நோக்கி நிற்கும். விளக்கம் கூறுமுன் சற்று நேரம் அவர்களை வாதாட விடுவது நன்று.

இது சுருளுக்குப் பொருந்தலாம், இயற்கைக் காந்தத்தின் உள்ளே யார் ஊசியை வைத்துப் பார்த்தார் என்ற வினா எழலாம். ஹைட்ரஜன் அணுவில் இயற்கையே அதனைச் செய்துள்ளது. புரோட்டான் ஒரு நுண்காந்தம், எலக்ட்ரானும் அவ்வாறே. தாழ்நிலை ஹைட்ரஜனில் எலக்ட்ரான், புரோட்டான் இருக்கும் இடத்திலும் காணப்படும் வாய்ப்புண்டு. அங்கே அது உணரும் புலத்தைப் பொறுத்தே அணுவின் இரு நுண்ணிலைகளுக்கிடையே உள்ள ஆற்றல் வேறுபாடு அமைகிறது. மின்வளையம் போன்ற காந்தமாயின் வெளிப்படும் அலையின் நீளம் 21 சென்டிமீட்டர்; முனைகளாலான காந்தமாயின் 42 சென்டிமீட்டராக இருத்தல் வேண்டும், மேல்நிலையும் கீழ்நிலையும் இடம் மாறியிருக்கும். 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் விண்வெளியிலிருந்து பிடித்தது 21 சென்டிமீட்டர் அலையையே. இவ்வாதத்தை ஜாக்ஸன் 1977-இல் செர்ன் ஆய்வுநிலையத்தின் வாயிலாக வெளியிட்ட கட்டுரையில் தெளிவுபடுத்தினார். எலக்ட்ரானுக்குள் கம்பிவளையம் எதுவும் இல்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவிட வேண்டும். அதன் காந்தத் திருப்புத்திறன் வளையத்தின் திருப்புத்திறன்போல் நடந்துகொள்கிறது என்பதே செய்தி.

தமிழாசிரியர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். "இருமுனை" என்னும் சொல்லே முனைகளைத் தேடத் தூண்டுகிறது. சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லிலும் இதே குறை உண்டு. ஆனால் சொல்லுக்கு முன்னே சுருளைக் காட்டிவிடலாம். முனைமுறையை அதன்பின், நிலைக்காந்தங்களின் கணக்குகளுக்குரிய குறுக்குவழியாகத் தரலாம். காந்தத்தின் உட்புறத்தில் அம்முறை தருவது "எச்" என்னும் அளவே. "பி" வேண்டுமாயின் காந்தமாக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.