"மாட்டு டாக்டருக்கா படிக்கப் போறே?"

நீட் ரிசல்ட் வந்த மறுநாள் காலை, திருச்சியில் இருக்கும் தோழி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, இவளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது. ப்ளஸ் டூ மார்க் நல்லா இருக்கு. கால்நடை மருத்துவத்துக்குப் போடலாமான்னு கேக்குறா. எங்க மாமியார் ஒரே சண்டை. 'பொம்பளைப் புள்ள மாட்டு டாக்டருக்கா படிக்கப் போறே'ன்னு திட்டுறாங்க. நீங்க மாடு இருந்த வீட்டுல வளர்ந்தவங்க. நீங்களே சொல்லுங்க."

மாடு இருந்த வீடுதான். முசிறிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பாயியிடம் ஒரு பசு இருந்தது. அதன் பால் காசில்தான் வீட்டின் பாதிச் செலவு ஓடியது. அத்தை கல்யாணத்துக்கு வைத்த நகையின் வட்டியும் அதிலிருந்துதான் போனது. ஒருநாள் சாயங்காலம் அதற்குக் கன்று போட வலி வந்தது. இருட்டிய பிறகும் கன்று வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார்.

டாக்டர் மொபெட்டில் வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அரிக்கேன் வெளிச்சத்தில் மாட்டுக்குப் பின்னால் படுத்தார். "தலை பின்னால மடங்கி இருக்கு" என்றார். கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராகத் திருப்பி, கயிறு போட்டு இழுத்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. கிணற்றடியில் கை கழுவும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆத்தா, சாயங்காலமே ஆள் அனுப்பியிருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்."

அந்த டாக்டரை அப்பாயி கடைசிவரை 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். 'மாட்டு டாக்டர்' என்று இளக்காரமாகச் சொல்கிறவர்களுக்கு, பசு ஒன்றை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களின் பயம் தெரியாது. ஆனாலும் தோழியிடம் உடனே "சேர்த்துவிடு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏமாற்றத்துக்கு மருந்தாக எடுக்கிற படிப்பு அல்ல இது. தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும். அதற்காக அன்று அவளிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

என்ன படிப்பு, எங்கே படிப்பது?

முழுப் பெயர் 'கால்நடை மருத்துவம் மற்றும் பராமரிப்பு'. பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.ஹெச். என்பார்கள். மொத்தம் ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப்.

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய பாரம்பரியம் உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. இன்றும் வேப்பேரியில் இருக்கிறது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. கால்நடை மருத்துவத்துக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம் இதுதான். சென்னையைத் தவிர நாமக்கல், திருநெல்வேலி, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு, சேலம் மாவட்டம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களிலும் அதன் கல்லூரிகள் இருக்கின்றன.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. 15 சதவிகித இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அவை மட்டும் நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படும்.

எம்.பி.பி.எஸ்., இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். "அதுல போட்டா இதுக்கும் சேர்த்து வந்துடும்னு நினைச்சோம்" என்று தேதியைத் தவறவிடுகிற பெற்றோர் உண்டு. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

டாக்டர் ஆக விருப்பமில்லை, ஆனால் இந்தத் துறை பிடிக்கும் என்கிற பிள்ளைகளுக்கு நான்காண்டு பி.டெக். படிப்புகள் இருக்கின்றன. உணவுத் தொழில்நுட்பமும் பால்வளத் தொழில்நுட்பமும் திருவள்ளூர் மாவட்டம் கொடுவள்ளியில் இருக்கின்றன. கோழியினத் தொழில்நுட்பம் ஓசூரில் இருக்கிறது.

வகுப்பறை பாதி, தொழுவம் பாதி

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல் என்று மருத்துவக் கல்லூரி மாதிரிதான் போகும். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே மனித உடல் ஒன்றைப் படித்தால் போதும். இங்கே மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். குதிரைக்கு ஒன்றுதான். கோழிக்குப் பல்லே கிடையாது, தீனியை அரைக்க அரைப்பை இருக்கிறது. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்கு விஷமாகலாம்.

கூடவே பண்ணை வேலை. தீவனம் கலப்பது, பால் கறப்பது, கன்றுக்குச் சீம்பால் கொடுப்பது எல்லாம் கைப்பழக்கமாக வர வேண்டும். பிறகு நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், அறுவை சிகிச்சை, மகப்பேறு என்று பாடம் விரியும். மாட்டின் ஆசனவாய் வழியாகக் கையை நுழைத்து, கருப்பையைத் தொட்டுப் பார்த்தே சினையா இல்லையா என்று சொல்லப் பழக வேண்டும். சினை ஊசிக்கான விந்து உறைகுச்சிகள் மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் இருக்கும். அதை எடுத்து, பதமாகச் சூடு காட்டி, சரியான பருவத்தில் செலுத்தினால்தான் சினை நிற்கும். ஒருமுறை தவறினால் மாட்டுக்காரர் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவும் அவர் தலையில்தான்.

படித்துவிட்டு என்ன வேலை?

பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மூலம் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். அடிப்படைச் சம்பளமே 55 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆனால் இந்த அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. 2019-ல் ஒரே அறிவிப்பில் 1,141 இடங்கள் வந்தன. அதற்காக அதை மட்டுமே நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கிராமத்துக்கே வரும் கால்நடை ஆம்புலன்ஸ்களிலும் மருத்துவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அடுத்தது கோழி. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 12 கோடி கோழியினங்கள் இருக்கின்றன. நாட்டிலேயே இதுதான் முதலிடம். நாமக்கல் முட்டைப் பண்ணைகளிலும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளிலும் மருத்துவரின் வேலையே வேறு. அங்கே ஒரு கோழிக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. ஒரு கொட்டகையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நோயே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீவனக் கலவை, தடுப்பூசி அட்டவணை, தண்ணீரின் தரம் எல்லாம் அவர் பொறுப்பு. தீவனம், தடுப்பூசி, மருந்து நிறுவனங்களிலும் வேலை உண்டு.

ஆய்வு பிடித்தவர்கள் எம்.வி.எஸ்ஸி., பிஎச்.டி. என்று போகலாம். ஹரியானாவின் கர்னாலில் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம், உத்தரப்பிரதேசத்தின் இஜத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. நம் ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம் 1932-ல் இருந்து இயங்குகிறது. மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுதாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். அதன் பின்னால் தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராக நடந்த கால்நடை மருத்துவர்களின் உழைப்பு இருக்கிறது.

ராணுவத்தில் குதிரை, கோவேறு கழுதை, மோப்ப நாய்களைக் கவனிக்கத் தனிப் படைப்பிரிவே உண்டு. வங்கிகளில் விவசாய அலுவலர் தேர்வு எழுதலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கால்நடை மருத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இந்திய வனப் பணித் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் முதுமலை யானைகள் முகாமிலும் இந்தப் படிப்பு படித்தவர்கள்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தியைத் தெரியும். தமிழக வனத்துறையில் யானைகளுக்காகவே வாழ்ந்த நிஜ மனிதர் அவர்.

நகரங்களில் நாய், பூனை வளர்ப்பவர்கள் பெருகிவிட்டதால் செல்லப்பிராணி கிளினிக்குகளும் பெருகிவிட்டன. சொந்தமாக வைக்கலாம்தான். ஆனால் ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை அரங்கு எல்லாம் முதலீடு கேட்கும். சில வருடங்கள் ஒரு மூத்த மருத்துவரிடம் வேலை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சேரும் முன் தெரிய வேண்டியவை

இது உடம்பால் உழைக்கும் தொழில். மாடு உதைக்கும், நாய் கடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். கன்று வீச்சு நோய் மாதிரி சில நோய்கள் மாட்டிலிருந்து மருத்துவருக்கே தொற்றும். கையுறை இல்லாமல் அவசரத்துக்குக் கை வைத்துவிட்டு வருடக்கணக்கில் காய்ச்சலோடு அவதிப்படுபவர்கள் உண்டு.

அதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. மனித மருத்துவத்தில் 'எவ்வளவு செலவானாலும் காப்பாத்துங்க' என்பார்கள். இங்கே மாட்டின் விலைக்கும் வைத்தியச் செலவுக்கும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். காப்பாற்ற வழி தெரிந்தும், பணம் இல்லாததால் ஒரு உயிர் போவதைப் பார்க்க நேரும். வலி தீராத நாயைக் கருணைக்கொலை செய்துவிட்டு, அழும் வீட்டாருக்கு ஆறுதல் சொல்ல நேரும். பிராணிகள் மேல் பிரியம் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பிரியத்தோடு இதையும் தாங்க வேண்டும்.

பெண்களால் முடியுமா? இந்தக் கேள்விக்கு வகுப்பறைகளில் நிறைந்திருக்கும் பெண்களே பதில். தேசிய பால்வள வாரியத்துக்கு 1998 முதல் 2014 வரை தலைவராக இருந்த அம்ரிதா பட்டேல் கால்நடை மருத்துவம் படித்தவர். மாட்டை அடக்குவது பலத்தால் அல்ல, கட்டுகிற விதத்தால்.

ஒரு காலை நேரம் போதும்

கடைசியாகத் தோழியிடம் சொன்னேன். "விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி அவளைப் பக்கத்துல இருக்கிற கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பு. டாக்டர்கிட்ட அனுமதி கேட்டுட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும்."

போனாள். மத்தியானம் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, ஒரு பாட்டி வயிறு உப்பின ஆட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. டாக்டர் ஆட்டைத் தொடுறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட கேள்வியாக் கேட்டாரு. நேத்து எங்க மேஞ்சுது, புழுக்கை எப்படி இருந்துச்சு, அசை போடுதான்னு. கடைசில பார்த்தா பக்கத்து வீட்டு விசேஷத்துல மிஞ்சின சோத்தைத் தின்னுருக்கு. அது புளிச்சுப்போய்தான் அவ்வளவு பாடு. சோடா உப்பைக் கரைச்சுக் கொடுத்தாரு. ஊசியும் போட்டாரு."

"ஆடு பிழைச்சுதா?"

"எழுந்து நின்னுச்சு. நாளைக்குத்தான் சொல்ல முடியும்னாரு. ஆனா இன்னொரு கன்னுக்குட்டி வந்துச்சு பெரியம்மா. கழிச்சல். லேட்டா கொண்டு வந்துட்டாங்க. அது..." கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "அந்த அண்ணன் அதைத் துண்டுல சுத்தி வண்டில வெச்சுட்டுப் போனாரு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "நாளைக்கும் வரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன். அந்த ஆடு என்னாச்சுன்னு பார்க்கணும்."

ஆறு நாள் போனாள். ஏழாம் நாள் விண்ணப்பம் போட்டார்கள். முதல் விருப்பம் ஒரத்தநாடு. இடம் கிடைக்குமா என்பது கலந்தாய்வில்தான் தெரியும். ஆனால் அந்த வீட்டில் இப்போது சண்டை இல்லை. அவள் அப்பாயி கிராமத்துக்குக் கிளம்பும்போது பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டாராம்.

"ஏண்டி, நம்ம செவலைக்கு மூணு தடவை ஊசி போட்டாச்சு, சினையே நிக்கல. அது ஏன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வையி."