பல் உடைஞ்சா நைட்டே ஓடணுமா, காலையில போகலாமா?

சீடையைக் கடித்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். இரவு பத்து மணி. இப்பவே டாக்டரைத் தேடணுமா?

முதலில் கண்ணாடியில் பாருங்கள். நுனி மட்டும் பெயர்ந்து, வலி இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் போனால் போதும். உள்ளே மஞ்சளாகத் தெரிந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசினால் மறுநாளே காட்டிவிடுவது நல்லது. உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால், உள்ளிருக்கும் நரம்பு திறந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பைக்கில் இருந்து விழுந்து, பல் வேரோடு வந்துவிட்டால் கதையே வேறு. அங்கே கணக்கு நிமிஷத்தில்தான். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் பொருத்தி, கர்சீப்பை மெதுவாகக் கடித்தபடி கிளம்ப வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போகலாம். டிஷ்யூவில் மடித்தால் வேர் காய்ந்து செல்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க வாய்ப்பு அதிகம். குழந்தையின் பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கவே கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல் கெடலாம்.

கிராம்பு எண்ணெய்? ஓர் இரவைத் தள்ள உதவும், அவ்வளவுதான். பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லையா? முகம் வீங்கி, காய்ச்சலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமோ இருக்கிறதா? பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.