தொண்டும் வேகமும்: ஐக்கிய அமெரிக்கத் தொண்டர் தீயணைப்பாளரும் ஆசனப் பட்டியும்

1

தீயணைப்பாளரின் மரணம் என்றதும் எரியும் கட்டடமும் இடிந்து வீழும் கூரையுமே எவர் மனத்திலும் தோன்றும். ஆயின் ஐக்கிய அமெரிக்காவின் பல்லாண்டுப் பதிவுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. கடமையின்போது இறந்த தீயணைப்பாளரிடையே மாரடைப்பே நெடுங்காலமாக முதன்மைக் காரணமாக இருந்துவந்துள்ளது. அதற்கு அடுத்த நிலையில் வாகன விபத்துக்கள் இடம்பெற்றுள்ளன. தீயை நெருங்கு முன்னரோ தீயை அணைத்துத் திரும்பும் வழியிலோ வீதியில் மாண்டவர்கள் இவர்கள். இவர்களிற் பலர் ஆசனப் பட்டி அணிந்திருக்கவில்லை.

பிறர் உயிரைக் காப்பதற்கெனப் புறப்பட்டவர்கள், தம் உயிரைக் காப்பதற்கு ஒருசில விநாடிகள் மட்டுமே வேண்டிய செயலை ஏன் செய்யாது விட்டனர்? கவலையீனம் என்பது எளிதான விடை. ஆயின் ஒரே தவறு பல மாநிலங்களில், பல தலைமுறைகளில், ஏறத்தாழ ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் நிகழுமாயின் அதனைத் தனிமனிதரின் குணக்குறையாக விளக்குதல் போதாது. அத்தவறு எத்தகைய சமூக நிலைமைகளில் வேரூன்றியுள்ளது என்பதையும், அந்நிலைமைகளுக்குள் நின்றே அதனைத் திருத்துவதற்கு வழி யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தொண்டர் தீயணைப்பு அமெரிக்கக் குடியேற்றங்களின் நகர வாழ்விலே தோன்றியது. பெஞ்சமின் பிராங்ளினும் அவரது தோழர்களும் 1736இல் பிலடெல்பியாவில் நிறுவிய யூனியன் தீயணைப்புக் கழகம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய கழகங்கள் தம்முட் போட்டியிடும் சங்கங்களாக வளர்ந்தன. தீக்கு முதலில் வந்துசேர்வது கழகத்தின் மானப்பிரச்சினையாயிற்று. இயந்திரங்களை இழுத்துக்கொண்டு வீதிகளில் ஓட்டப்பந்தயம் நடத்தியமையும் வழியிற் கைகலந்தமையும் அக்கால நகர வரலாற்றிற் பதிவாகியுள்ளன. வேகம் தொழிலின் தேவையாக இருந்ததோடு கௌரவத்தின் அளவுகோலாகவும் மாறியது.

பெருநகரங்களின் வணிக மூலதனமும் காப்புறுதி நலன்களும் இத்தகைய ஒழுங்கின்மையை நீண்டகாலம் பொறுத்திருக்கவில்லை. 1853இல் சின்சினாட்டியிலும், 1865இல் நியூ யோர்க்கிலும், 1871இல் பிலடெல்பியாவிலும் ஊதியம் பெறும் படைகள் தோன்றின. ஆயின் சிறு பட்டினங்களும் கிராமங்களும் ஊதியமற்ற தொண்டரிடமே விடப்பட்டன. இப்பிரிவு இன்றும் தொடர்கின்றது. 2020ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி அந்நாட்டின் ஏறத்தாழ 10 இலட்சம் தீயணைப்பாளருள் 65 சதவீதமானோர் தொண்டர்களாவர். உலகின் மிகப் பெரிய முதலாளித்துவப் பொருளாதாரத்திலே, மிக அடிப்படையான பொதுச் சேவைகளுள் ஒன்று பெருமளவு கூலியற்ற உழைப்பில் தங்கி நிற்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

விவசாயியும் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் தத்தம் வேலையிடத்திலிருந்து அழைப்புக் கேட்டு ஓடிவருகின்றனர். தம் சொந்தக் காரிலேயே நிலையத்திற்கோ தீ நிகழுமிடத்திற்கோ அவர்கள் விரைகின்றனர். எனவேதான் தொண்டர்களின் வீதி மரணங்களிற் கணிசமான பகுதி தனியார் வாகனங்களில் நிகழ்ந்துள்ளது. நியூ யோர்க் மாநிலத்தில் தொண்டர் தம் காரில் நீல விளக்குப் பொருத்தலாம். ஆயின் அவ்விளக்கு வழிவிடுமாறு ஏனைய சாரதிகளிடம் கேட்கும் வேண்டுகோள் மட்டுமே. வேக வரம்பை மீறவோ சிவப்புச் சைகையைக் கடக்கவோ அது எவ்வித உரிமையும் அளிப்பதில்லை. இவ்வேறுபாட்டை உணராத இளந்தொண்டர் தம்மையும் பிறரையும் ஒருங்கே ஆபத்திற்கு உள்ளாக்குகின்றார்.

3

தனியார் கார்களை அடுத்து, தனித்துக் கவனிக்க வேண்டியது நீர்ப் பவுசராகும். குழாய் நீர் வசதி இல்லாத கிராமங்களில் நீரைச் சுமந்து செல்வது இதுவே. 1977 முதல் 1999 வரை 63 பவுசர் விபத்துக்களில் 73 தீயணைப்பாளர் இறந்ததாகத் தொழிற் பாதுகாப்புச் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 2001இல் எடுத்துக்காட்டியது. அவற்றுட் பெரும்பாலானவை வாகனம் உருண்டு புரண்டமையால் நேர்ந்தவை.

இதன் காரணத்தைச் சாரதியின் கையில் மட்டுமன்றி வாகனத்தின் வரலாற்றிலும் தேடவேண்டும். பிங்கோ விளையாட்டாலும் சீட்டிழுப்பாலும் காலையுணவு விருந்தாலும் நிதி திரட்டும் கிராமக் கழகம் புதிய பவுசரை எவ்வாறு வாங்கும்? பழைய எண்ணெய்ப் பவுசர், பால் பவுசர், இராணுவம் கழித்துவிட்ட லொறி ஆகியவை மாற்றியமைக்கப்படுகின்றன. பெற்றோல் நீரிலும் இலேசானது. பெற்றோலுக்கென அமைந்த தாங்கியில் நீரை நிரப்பினால் சுமை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுகின்றது. சில்லும் தடுப்பும் அடிச்சட்டமும் அச்சுமைக்கென அமைந்தவையல்ல. பால் தாங்கியோ கழுவுவதற்கு வசதியாக உள்ளே தடுப்புத் தகடுகளின்றி அமைக்கப்படுவது. அதில் அரைகுறையாக நீர் நிரம்பியிருப்பின், வளைவிலே நீர் முழுவதும் ஒரு பக்கம் பாய்ந்து வாகனத்தைத் தள்ளுகின்றது. நீரின் நிறையும் சிறிதன்று. 4,000 லீற்றர் நீர் 4 தொன் ஆகும்.

விபத்து நிகழும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. ஒடுங்கிய கிராம வீதியில் வலப்பக்கச் சில்லுகள் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்குகின்றன. சாரதி பதற்றமுற்றுச் சுக்கானை இடப்பக்கம் சடுதியாகத் திருப்புகின்றார். சில்லுகள் விளிம்பிலேறியதும் வாகனம் மறுபுறம் பாய்ந்து புரள்கின்றது. வேகத்தைக் குறைத்து, சுக்கானை நேராகப் பிடித்து, வாகனம் மெதுவான பின்னரே வீதிக்கு ஏறுவது சரியான முறை. இதனை எவரும் உணர்வினால் அறிந்துகொள்வதில்லை, பயிற்சியே கற்பிக்கின்றது. ஆயின் கனரக வாகனச் சாரதிகளுக்கெனத் தனி அனுமதிப்பத்திரத்தை வேண்டிய 1986ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்திலிருந்து தீயணைப்பாளருக்கு விலக்களிக்க மாநிலங்களுக்கு 1988இல் இடமளிக்கப்பட்டது. பாலை ஏற்றிச் செல்லும்போது விசேட அனுமதி வேண்டிய வாகனத்தை, நீரை ஏற்றிச் செல்லும்போது சாதாரண அனுமதியுடன் ஓட்டலாம் என்ற நிலை பல மாநிலங்களில் இவ்வாறு உருவாயிற்று.

4

வேகத்தால் உண்மையிற் கிடைப்பது எவ்வளவு? தீ 8 கிலோமீற்றர் தொலைவில் எனக் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் 6 நிமிடமும், 100 கிலோமீற்றர் வேகத்தில் 4 நிமிடம் 48 விநாடியும் செல்லும். இலாபம் 72 விநாடி. அதுவும் வளைவுகளும் சந்திகளும் இல்லாத கற்பனை வீதியிலேயே கிடைக்கும். ஆயின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகின்றது. நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் அவ்வாறே நீள்கின்றது. இவ்விலாபத்தினும் கூடிய நேரத்தை வேறிடங்களில் மீட்கலாம். அழைப்பைத் தெளிவாகப் பதிவதும், வழியை முன்னரே அறிந்திருப்பதும், நிலையத்தில் உடையணியும் ஒழுங்கைப் பழகுவதும் எவரையும் கொல்லாத வேகங்களாகும்.

அவசர வாகனங்களுக்குச் சட்டம் அளிக்கும் விலக்கும் நிபந்தனையற்றதன்று. பிறர் பாதுகாப்பில் உரிய கவனம் செலுத்தும் கடமையிலிருந்து அது சாரதியை விடுவிப்பதில்லை. சைரன் ஒலி, கண்ணாடிகள் மூடப்பட்டு இசை ஒலிக்கும் காரினுள் மிகப் பிந்தியே கேட்கின்றது. ஆகவே சிவப்புச் சைகையுள்ள சந்தியில் வாகனத்தை முற்றாக நிறுத்தி, ஒவ்வொரு வழித்தடமும் வெறுமையாக உள்ளதை உறுதிசெய்து கடப்பதே விதியாக வேண்டும்.

ஆசனப் பட்டியின் பணி இதனோடு இணைந்தது. வாகனம் சடுதியாக நின்றாலும் உள்ளிருப்பவர் சடத்துவத்தினால் முந்திய வேகத்திலேயே செல்கின்றார். புரளும் வாகனத்திலிருந்து வெளியே வீசப்படுபவர் பெரும்பாலும் வீதியிலோ வாகனத்தின் கீழோ நசுங்குகின்றார். பட்டி அவரை உயிர்பிழைக்கும் வெளியான ஆசனத்தில் நிறுத்துகின்றது. சாரதிக்கு அது இன்னொன்றும் செய்கின்றது: சுக்கானின் முன் அவரை இருத்தி, வாகனத்தை மீண்டும் கட்டுப்படுத்த இடமளிக்கின்றது. எனவே நடைமுறை எளிது. உடையை ஏறுமுன் அணிதல்; அனைவரும் அமர்ந்து பட்டியணிந்தமையைக் குழுத்தலைவர் உறுதிசெய்யாதவரை சில்லு உருளாதிருத்தல்; வாகனம் நிற்கும்வரை பட்டியைக் கழற்றாதிருத்தல்.

5

இவ்வெளிய விதி நிலைபெற நீண்ட காலம் சென்றது. வாகனத்தின் பின்படியில் நின்று தொங்கிச் செல்வது தலைமுறைகளாகத் தீயணைப்பாளரின் அடையாளமாக விளங்கியது. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 1987ஆம் ஆண்டு நியமமே அமர்ந்து பட்டியணிந்து செல்வதை வலியுறுத்தியது. 1991ஆம் ஆண்டு நியமம் முற்றாக மூடிய அறையைப் புதிய வாகனங்களுக்கு வேண்டியது. ஆயின் இந்நியமங்கள் தாமாகவே சட்டமாவதில்லை. பழைய வாகனங்களும் அவற்றால் மறைந்துவிடவில்லை.

2005 ஏப்ரலில் ரெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில், தீயை நோக்கிச் சென்ற லொறியிலிருந்து வெளியே வீழ்ந்த இளம் தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அவர் பட்டி அணிந்திருக்கவில்லை. அவர் ஊதியம் பெறும் நகரப் படையைச் சேர்ந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. இக்குறை தொண்டர்களுக்கு மட்டும் உரியதன்று. அம்மரணத்தின் பின்னர் நாடளாவிய ஆசனப் பட்டி உறுதிமொழி இயக்கம் தோன்றியது.

உறுதிமொழி மட்டும் போதாமற்போனதன் காரணம் பட்டியிலேயே இருந்தது. கனத்த பாதுகாப்பு உடையுடன் அமர்ந்தவருக்குப் பல வாகனங்களிற் பட்டி எட்டவில்லை, கொழுவியையும் தேடவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு நியமம் பட்டியின் நீளத்தைக் கூட்டியதோடு, பட்டியணியாதவரைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியையும் ஓட்டத் தரவுப் பதிவுக்கருவியையும் புதிய வாகனங்களுக்கு விதித்தது. பின்னர் 951 தீயணைப்பாளரின் உடலளவுகள் ஆராயப்பட்டு வடிவமைப்புக்கு அடிப்படையாக்கப்பட்டன. மனப்பான்மையின் குற்றமென நெடுங்காலம் கண்டிக்கப்பட்டதில் ஒரு பகுதி பொருளின் குற்றமாக இருந்தமை இங்கு புலனாகின்றது.

6

மேரிலாந்தின் எமிற்ஸ்பேர்க்கில் 1981இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம், கடமையில் இறந்த தீயணைப்பாளரைக் கௌரவிக்கின்றது. தீயில் மாண்டவரும் வீதியில் மாண்டவரும் அங்கு ஒருங்கே நினைவுகூரப்படுகின்றனர். அது நியாயமே. ஆயின் வீரம் என்ற சொல் இரு மரணங்களையும் ஒன்றாகப் போர்த்துமிடத்து, தவிர்த்திருக்கக்கூடிய மரணம் தவிர்க்கவியலாத தியாகமாகத் தோன்றத் தொடங்குகின்றது. பழைய பவுசரும் கிட்டாத பயிற்சியும் அப்போர்வையின் கீழ் மறைகின்றன. வீரத்தைப் போற்றுவது செலவற்றது. பாதுகாப்பான வாகனத்தை வாங்குவது செலவுள்ளது.

2024 பெப்ரவரியில் சமஷ்டி அரசின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் புதிய அவசரச்சேவை நியமமொன்றை முன்மொழிந்தபோது, செலவைத் தாங்கவியலாது கழகங்கள் மூடப்படும் எனத் தொண்டர் அமைப்புக்கள் எதிர்த்தன. அவர்களது அச்சத்தை வெறும் பழமைவாதம் எனத் தள்ளிவிடலாகாது. உழைப்பை இலவசமாகப் பெறும் சமூகம் அவ்வுழைப்பின் பாதுகாப்புச் செலவையும் உழைப்போர் மீதே சுமத்தும்போது எழும் முரண்பாடு அது. விதியை இயற்றுவோர் நிதியையும் வழங்குதல் வேண்டும்.

எனினும் அமைப்பு மாறும்வரை பட்டி காத்திருக்க வேண்டியதில்லை. சமூகக் காரணங்களை அறிவது தனிமனிதரின் கடமையைக் கரைப்பதற்கன்று. பட்டியணியாத தோழர் இருக்கும்வரை வாகனத்தை நகர்த்த மறுக்கும் சாரதி, கூலியற்ற தொண்டரின் உயிர் மலிவானது என்ற எண்ணத்தை அக்கணமே மறுக்கின்றார். அவ்வாறு மறுக்கப் பழகிய கழகமே, நல்ல வாகனத்தையும் முறையான பயிற்சியையும் பொதுநிதியிலிருந்து உரிமையுடன் கேட்கும் வலிமையையும் பெறும்.