பெருங்கோப்புக்களை நேரே அனுப்பும் நெறி

எழுதிய மடல் உரியவர் கையிற் பழுதின்றிச் சேர்ந்தாலன்றி எழுதியதன் பயன் நிறைவுறாது. இணையவழி அனுப்பும் கோப்புக்கும் இஃது ஒக்கும். கல்லூரியின் பழைய மலர்களை ஒளிவருடிக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு அனுப்ப விழைவார் நம்மிடையே உளர். மலரின் தாளோ பழுத்து உதிர்கின்றது. ஆதலின், அனுப்பும் முறைகளின் இயல்பினை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சுமையின் அளவை நோக்குக. ஏ4 அளவினதாகிய ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் அஃது ஏறக்குறைய 26 மெகாபைற்று ஆகும். நூறு பக்க மலர் 2.6 கிகாபைற்று. ஜிமெயில் ஒரு மடலுடன் இணைக்க விடுவதோ 25 மெகாபைற்றே. ஒரு பக்கந்தானும் அதில் அடங்காது. அன்றியும், மின்னஞ்சல் எழுத்துக்களைச் சுமக்கவென எழுந்த ஊர்தி. ஆகவே இணைப்பின் ஒவ்வொரு மூன்று பைற்றும் நான்கு எழுத்தாக மாற்றப்பட்டே செல்லும். சுமை மூன்றிலொரு பங்கு மிகும்.

வட்ஸ்அப்பிற் படத்தைப் படமாகவே அனுப்பினால் அச்செயலி அதனைச் சுருக்கிவிடும். முகங்கள் தெரியும்; குழுப்படத்தின் கீழ் நுண்ணெழுத்தில் அச்சான பெயர்வரிசை மங்கிப்போம். பெயர் அழிந்த படத்தில் நிற்பவர் யாவரெனப் பின்வருவோர்க்கு எடுத்துரைப்பார் யார்? ஆவணமாக அனுப்பினால் இக்குறை நேராது. 2022ஆம் ஆண்டு முதல் 2 கிகாபைற்று வரையுள்ள ஆவணத்தை அவ்வாறு அனுப்பலாம். நமது மலர் அவ்வெல்லையையும் கடந்துவிடுகின்றது.

பிறரது கணினியிற் கோப்பை வைத்து, அதனை எடுக்கும் இணைப்பை உரியவர்க்கு அறிவித்தல் மற்றொரு முறை. கூகுள் டிரைவ், வீடிரான்ஸ்ஃபர் முதலியன இவ்வகையின. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாமை இதன் நன்மை. எனினும் வைப்பிடம் நம்முடையதன்று. 2019இல் தோன்றிய பயர்பொக்ஸ் சென்ட் என்னும் சேவை 2020இலேயே மூடப்பட்டது.

இனி, இடையில் எவரிடத்தும் வைக்காது நேரே அனுப்புதலைக் கருதுவோம். இவ்வெண்ணம் புதியதன்று. எஃப்ரிபி எனப்படும் கோப்பு மாற்று விதிமுறையை, இந்தியாவிற் பிறந்த அபய் பூஷண் 1971இல் அமெரிக்காவின் எம்ஐரி நிறுவனத்திலிருந்து வரைந்தளித்தார். அந்நாளில் வலையிலிருந்த கணினிகள் மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருந்தது. பின்னர் வந்த முகவரி முறையில் அமையக்கூடியவை ஏறத்தாழ 430 கோடியே. உலகின் கருவிகளுக்கு அவை போதா. ஆகவே, வீட்டுக் கருவிகளெல்லாம் ஒரே வெளிமுகவரியைப் பகிர்கின்றன. வாயிலில் நிற்கும் ரவுற்றர், உள்ளிருந்து சென்ற செய்திக்கு வரும் மறுமொழியை மட்டும் படலை திறந்து விடும். அழையாது வருவதனை மறுக்கும்.

இருபுறமும் படலை சாத்தியிருப்பின் சந்திப்பது எவ்வாறு? இரு கணினிகளும் நடுவிலுள்ள ஒரு கணினியை அணுகி, ஒன்றன் வெளிமுகவரியை மற்றொன்று அறிந்துகொள்ளும். உடனே இரண்டும் ஒருங்கே செய்தி விடுக்கும். வருவது தன் செய்திக்கு மறுமொழியென்றெண்ணி ஒவ்வொரு ரவுற்றரும் வழிவிடும். அறிமுகஞ் செய்து விலகும் கலியாணத் தரகர் போன்றது நடுக்கணினி. இவ்வுபாயம் பலிக்காதவிடத்து, கோப்பு வேறொரு கணினியூடாகச் செல்ல நேரிடும். பூட்டிய நிலையிற் செல்வதால் இடையிலுள்ளார் அதனைப் படித்தல் இயலாது.

மஜிக் வேர்ம்ஹோல் என்னும் கருவி இவ்வகையது. அனுப்புபவர்க்கு ஓர் எண்ணும் இரு சொற்களுங் கொண்ட குறியை அது தரும். அதனைத் தொலைபேசியிற் கூற, மறுமுனையிலுள்ளவர் தட்டச்சிட்டுக் கோப்பைப் பெறுவார். ஒரு குறி ஒருமுறைக்கே உரியது. சிங்திங் என்பதோ கோப்பைச் சிறு கூறுகளாக்கி அனுப்பும். நொடிக்கு 10 மெகாபிற்று வேகத்தில் நமது மலர் சென்று சேர அரைமணிக்கு மேலாகும். இடையில் மின்சாரம் நின்றாலும், எஞ்சிய கூறுகளை மட்டும் பின்னர் அனுப்பினாற் போதும். ஆயின், இவ்விரண்டிலும் இருபுறக் கணினிகளும் ஒரே வேளையில் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும்.

சென்றது முழுமையோ என்பதை அறியவும் வழியுண்டு. எஸ்எச்ஏ-256 என்னும் கணக்கு, எத்துணைப் பெரிய கோப்புக்கும் 64 குறிகளாலான கைரேகை போன்றதொன்றைத் தரும். ஒரு புள்ளி மாறினும் ரேகை முற்றும் மாறும். மேற்கூறிய கருவிகள் இச்சோதனையைத் தாமே செய்வன. வேறு வழியில் அனுப்புவோர் இருபுறத்து ரேகையையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறிடத்திற் பிரதியில்லாத ஏடுகள் மீளாவண்ணம் மறைந்தன. ஆதலின் மாணவர்களே, வருடிய மலரை ஒருவர்க்கு அனுப்பியதுடன் அமையற்க. பழுதின்றிச் சேர்ந்ததென அவர் உரைக்கக் கேட்டபின், வேறொரு நாட்டிலுள்ள இன்னொருவர்க்கும் அனுப்புக.