கடிக்குப் பூசுற ரியூப்: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்?



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விரல் நீளமே உள்ள ரியூப். லயத்துக் காம்பராக்களில் சாமிப்படத் தட்டிலோ ஜன்னல் ஓரத்திலோ பாதி பிதுக்கப்பட்டு, மூடி தொலைந்து கிடக்கும். சொறி, சிரங்கு, கரப்பான், படை, அட்டைக்கடி, எது வந்தாலும் "அந்த ரியூபைக் கொஞ்சம் தாங்க" என்று அடுத்த காம்பராவில் வாங்கிப் பூசுவது வழக்கமாகிவிட்டது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த ரியூபுக்கு இவ்வளவு மரியாதை. அதனால்தான் ஆபத்தும்.

ரியூபுக்குள் இருப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட் என்னும் மருந்து. பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். எமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சுரப்பிகள் உள்ளன. அவை தினமும் சுரக்கும் கோர்ட்டிசோலுக்கு உறவுமுறையான மருந்துதான் இது. தோலில் பூசும் ஹைட்ரோகோர்ட்டிசோன் பலன் தருகிறது என்று 1952 இல் அமெரிக்க வைத்தியர்கள் காட்டினார்கள். கரப்பான் வந்த பிள்ளைகளுக்கு அதற்கு முன்பு தார் மருந்தைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இது நல்ல மருந்து, வேண்டிய மருந்து. தோல் சிவந்து, வீங்கி, கசிந்து, அரிக்கும் நிலையை வைத்தியர்கள் அழற்சி என்பார்கள். அந்த அழற்சியை இது தணிக்கும். அவ்வளவுதான் இதன் வேலை. இது கிருமியைக் கொல்லாது, பங்கசைக் கொல்லாது, சிரங்குப் பூச்சியையும் கொல்லாது.

இந்த வித்தியாசம் விளங்காததால் வரும் சிக்கல்கள்தான் அதிகம்.

படர்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக வரும், ஓரம் தடித்துச் சிவந்திருக்கும், நடுப்பகுதி ஆறினாற்போல் தெரியும். மழைக்காலத்தில் ஈரச்சேலையோடும் படங்கோடும் நாள் முழுக்க மலையில் நிற்கும் நம் பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் இது வருவது புதிதல்ல. இது பங்கசு. இதற்கு ஸ்டீரொயிட் பூசினால் சிவப்பும் அரிப்பும் மறையும், "சுகமாயிருச்சு" என்று விட்டுவிடுவோம். உள்ளே பங்கசு தடையில்லாமல் வளரும். நிறுத்திய சில நாளில் முன்னையதை விடப் பெரிதாகத் திரும்பி வரும். மறுபடி பூசுவோம், மறுபடி அடங்கும். இப்படி நாலு மாதம் போன பிறகு வைத்தியரிடம் காட்டினால், வட்டமும் இல்லை ஓரமும் இல்லை, அவருக்கே அடையாளம் தெரியாத மாதிரி அது வேஷம் மாறியிருக்கும். சரியான பங்கசு மருந்தை இரண்டு முதல் நான்கு கிழமை வரை, பார்வைக்கு ஆறிய பிறகும் சொன்ன நாள் வரை பூசினால்தான் அது போகும்.

சிரங்கு இதை விட மோசம். பிள்ளை மடுவத்துக்கு வந்த நாலு வயதுப் பையன் ஒருவனுக்கு விரல் இடுக்கெல்லாம் புண். இரவில்தான் அரிப்பு அதிகம் என்று தாய் சொன்னார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இரவில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றால் அது சிரங்குப் பூச்சி என்றே முதலில் நினைக்க வேண்டும். அந்தத் தாய் அயலில் வாங்கிய ரியூபை மூன்று கிழமை பூசியிருக்கிறார். அரிப்புக் குறைந்தது, பூச்சி குறையவில்லை. அதற்குள் அந்த வரிசையில் ஐந்து காம்பராக்களுக்குப் பரவிவிட்டது. சிரங்குக்கு உரிய மருந்து வேறு. அதை வீட்டிலுள்ள எல்லாரும், அரிப்பு இல்லாதவர்களும் கூட, ஒரே நாளில் பூச வேண்டும். சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தால் அதையும் காட்ட வேண்டும். சில வகைக் கிருமி அந்தப் புண்ணில் ஏறினால், சில கிழமைக்குப் பிறகு சிறுநீரகத்தையே தாக்கலாம். பிள்ளையின் முகம் காலையில் ஊதியிருந்தால், அல்லது சிறுநீர் தேநீர்ச் சாயம் போல் போனால், டிஸ்பென்சரி திறக்கும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ரியூபில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம் என்றிருக்கும். குளோபெட்டசோல் 0.05 சதவீதம் என்றிருக்கும். "இது கொஞ்சம்தானே, பிள்ளைக்குப் பூசலாம்" என்று குளோபெட்டசோலை எடுத்துப் பூசியவர்களை நாம் கண்டிருக்கிறோம். உண்மை தலைகீழ். ஹைட்ரோகோர்ட்டிசோன்தான் ஆகக் குறைந்த வீரியம். பெட்டாமெத்தசோன் வலரேட் 0.1 சதவீதம் அதை விட நூறு மடங்குக்கு மேல் வீரியம் உள்ளது. குளோபெட்டசோல் அறுநூறு மடங்கு வரை போகும். எண் சிறிதென்றால் மருந்து மெலிது என்று அர்த்தமில்லை. மிளகாயையும் கத்தரிக்காயையும் நிறுத்துப் பார்த்து உறைப்பைச் சொல்ல முடியுமா?

கவாத்து வெட்டித் தடித்துப் போன உள்ளங்கைக்கு வைத்தியர் வீரியமான மருந்து தருவார். அதே மருந்து முகத்துக்கோ, அக்குளுக்கோ, தொடை இடுக்குக்கோ, குழந்தைக்கோ ஆகாது. அங்கெல்லாம் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். மாதக்கணக்கில் பூசினால் தோல் கடதாசி போல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுதாகப் போகாது. இமையில் தொடர்ந்து பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையையே பாதிக்கலாம். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் நாப்கினும் கட்டினால், மருந்து இரத்தத்தில் சேர்ந்து வளர்ச்சியைக் கூடத் தடுக்கலாம்.

இந்த ரியூப்கள் எங்கிருந்து வருகின்றன? டிஸ்பென்சரியில் தந்தது சில. டவுன் பாமசியில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கியது பல. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்கும் கூடலூருக்கும் போன சொந்தங்கள் வந்து போகும்போது பெட்டிக்குள் வருவதும் உண்டு. அங்கிருந்து வருவதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். வீரியமான ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒன்றாகக் குழைத்த ரியூப்கள் இந்தியாவில் நிறைய விற்பனையாகின்றன. இவற்றைக் கண்டபடி பூசியதும் சேர்ந்து, அங்கே படர்தாமரை இலேசில் மாறாத நோயாகிவிட்டது என்று தோல் வைத்தியர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு பங்கசுக்கு 2020 இல் இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயர் வைத்தார்கள். 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 வகை ஸ்டீரொயிட் பூச்சு மருந்துகளை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் கடைக்குத்தான், பெட்டிக்குள் வரும் ரியூபை யார் பார்ப்பது?

கலியாணம் நெருங்கும்போது முகம் வெளுக்கப் பூசும் பெயர் தெரியாத கிறீம்களும் இதே சாதிதான். சிலவற்றில் ஸ்டீரொயிட், சிலவற்றில் பாதரசம். முதல் மாதம் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கிளம்பும். எரிகிறதே என்று மறுபடி பூச வேண்டி வரும். மணப்பெண்ணுக்கு நாம் சொல்லும் புத்தி, உள்ள நிறத்தோடேயே மணவறைக்குப் போகலாம். ஏற்கனவே மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் வெட்டென நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டுக் குறைப்பது நல்லது.

எமது சொந்த ஊர் உடுப்பிட்டி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே அரிப்பு என்று சொல்ல மாட்டார்கள், "கடி" என்பார்கள். "கை எல்லாம் கடிக்குது" என்றால் யாரோ கடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வடமராட்சித் தோட்டக்காரருக்கு இந்தக் கடியைத் தரும் ஒன்று பார்த்தீனியம் என்ற களை. வெள்ளைப் பூ, கரட் இலை போன்ற இலை. 1987 இல் வந்த இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1999 இல் வவுனியாவில் இன்னதென்று அடையாளம் காணப்பட்டது. 1977 க்கும் 1983 க்கும் பிறகு வன்னியில் குடியேறிய உங்கள் உறவினர் வீடுகளுக்குப் போனவர்கள் பாதையோரத்தில் கண்டிருப்பீர்கள். இந்தக் களையின் தூள் காற்றில் பறந்து பட்டாலே சிலருக்கு முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். இவர்கள் மந்திகை ஆஸ்பத்திரியிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ காட்டினால் ஸ்டீரொயிட் கிறீம் கிடைக்கும், பூசினால் அடங்கும். ஆனால் வளவுக்குள் பார்த்தீனியம் நிற்கும் வரை கடி திரும்பி வரும். பூக்க முதல் கையுறையும் நீளக்கைச் சட்டையும் போட்டுப் பிடுங்கினவர்களுக்கே விடிவு.

இதை ஏன் மலையில் உள்ளவர்களுக்கு எழுதுகிறோம் என்றால், இங்கும் கதை அதுதான், களை மட்டும் வேறு. ஓயாமல் ஈரத்தில் நிற்கும் கை, உடுப்புக் கழுவும் தூள், உரம், மருந்தடிக்கும் தண்ணீர், இறுக்கமான இறப்பர்ச் சப்பாத்து. கை வெடித்துச் சிவந்தவர் ரியூபைப் பூசிக்கொண்டே அதே தூளில் வெறுங்கையோடு கழுவினால் ரியூப் தீரும், கை ஆறாது.

இனி எவ்வளவு பூசுவது. வைத்தியர்கள் இதற்கு விரல் நுனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரியவரின் சுட்டுவிரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது அரைக் கிராம். அந்த அளவு, விரல்கள் சேர்ந்த இரண்டு கைகளின் அகலமுள்ள தோலுக்குப் போதும். பெரியவரின் ஒரு கைக்கு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, மூன்று விரல் நுனி. ஒரு காலுக்கு ஆறு. இரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு முழுக் கைக்கு ஒன்றரை, அதுவும் தாயின் விரலில் அளந்து. 15 கிராம் ரியூபில் முப்பது விரல் நுனிதான் உண்டு. அதைக் கணக்குப் பார்த்தால், ஒரு கிழமையில் தீர வேண்டிய ரியூப் ஆறு மாதம் கிடக்கிறதா, ஆறு மாதம் வர வேண்டியது ஒரு கிழமையில் தீர்ந்ததா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிவந்த இடத்தில் மட்டும், நாளுக்கு ஒரு தரம் அல்லது இரண்டு தரம், வைத்தியர் சொன்னபடி. அழுத்தித் தேய்க்காமல் மயிர் படிந்திருக்கும் பக்கமாகத் தடவுங்கள். முகத்துக்கு வைத்தியர் மென்மையான மருந்தைச் சில நாட்களுக்கே தருவார். உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமையில் குணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளவைக் கூட்டாமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். நோயே வேறாக இருக்கலாம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "ஐயோ ஸ்டீரொயிட்டா, வேண்டாம்" என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. கரப்பான் வந்த பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் சொறிந்து இரத்தம் வடிய, வைத்தியர் எழுதிய மருந்தைத் தாய் பயத்தில் மெழுகு போலத் தடவிவிட்டு "குணமில்லை" என்று இருப்பதில் யாருக்கு நன்மை? சொன்ன அளவைச் சொன்ன நாளுக்குப் பூசினால் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு வருவதில்லை. அத்தோடு தோலை வறளவிடாமல் வாசலின் போன்றதையும் பூச வேண்டும், கரப்பான் அடங்கிய நாட்களிலும் கூட. ஸ்டீரொயிட்டுக்கும் அதற்கும் இடையில் அரை மணி நேரம் விடுங்கள். ஒரு எச்சரிக்கை: இவ்வகை எண்ணெய்ப்பசை ஊறிய துணியில் நெருப்புச் சட்டென்று பிடிக்கும். பூசிய பிள்ளையை அடுப்பங்கரையில் குளிர்காய விடாதீர்கள்.

ரியூபின் மேல் யாருடையது, எந்த இடத்துக்கு, எப்போது திறந்தது என்று பேனையால் எழுதி வையுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் குணமில்லை என்றால் கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். போகும்போது இதுவரை பூசிய ரியூப் எல்லாவற்றையும், வெறும் ரியூபானாலும், பெயர் அழிந்ததானாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.