நூலில் பூ, கல்லில் மரம், சரிவில் தொலைநோக்கி... நீலகிரியில் ஒரு வினோத சவாரி!

அமெரிக்கர்கள் கோடை விடுமுறைக்குக் காரில் கிளம்பினால், போய்ச் சேரும் ஊரைவிட வழியில் நிற்கும் இடங்களுக்குத்தான் மவுசு. கான்சாஸ் மாநிலத்தின் காக்கர் சிட்டி என்ற சிற்றூரில் 1953-ல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கிய கயிற்று உருண்டை, வந்து போகிறவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போவதால் இன்றும் பருத்துக்கொண்டே இருக்கிறது. டெக்சாஸின் அமரில்லோ அருகே 1974-ல் 10 கேடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதையும்படி வரிசையாக நட்டுவைத்தார்கள். வழிப்போக்கர்கள் இறங்கி நின்று அவற்றின் மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். தெற்கு டகோட்டாவின் மிட்செல் நகரிலோ, மக்காச்சோளக் கதிர்களாலேயே சுவருக்கு அலங்காரம் செய்த ஒரு மாளிகை. 1892-லிருந்து தொடரும் வழக்கம் அது.

கேட்கும்போதே கால் பரபரக்கிறதா? விசா வேண்டாம், விமானம் வேண்டாம். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலையேறினால் போதும். அமெரிக்காவில் நாள் கணக்கில் வண்டி ஓட்டிப் பார்க்கவேண்டிய விசித்திரங்களுக்கு ஈடானவற்றை, நீலகிரி தன் மடிப்புகளுக்குள் இரண்டு நாள் ஓட்டத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறது.

பின்னால் இருந்து தள்ளும் இன்ஜின்

முதல் நிறுத்தம் பர்லியார். ஜூன், ஜூலையில் போனால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும். பக்கத்து அரசுப் பண்ணையில் விளையும் துரியன் பழத்துக்குத்தான் பெரிய கிராக்கி. அதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையில் எங்கிருந்தெல்லாமோ தம்பதிகள் தேடி வருகிறார்கள். வாசனையைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் இருந்தால் நீங்களும் ஒரு சுளை வாங்கிப் பார்க்கலாம்.

அடுத்தது, சாலைக்கு இணையாகவே மலையேறும் ரயில். ஊட்டி ரயிலில் போகாதவர்கள் குறைவு. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். சைக்கிளின் பல்சக்கரம் செயினைப் பிடித்துக்கொள்வது போல, இன்ஜினின் பல்சக்கரம் இந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் பிடிமானத்தில் இருக்கும் என்பதால் வண்டி பின்னால் வழுக்குவதில்லை. செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயர்ந்துவிடுகிறது பாதை. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கமிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899-ல் திறக்கப்பட்டு, 1908-ல் ஊட்டி வரை நீண்டது. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குன்னூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கும்போது செல்ஃபியை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டுக் கீழே பாருங்கள். கறுத்த மசகு மினுங்கும் அந்தப் பற்களில்தான் நூறாண்டுக்கு மேலான ஓட்டம் நிற்கிறது.

குன்னூரிலேயே 1874-ல் உருவான சிம்ஸ் பூங்கா. மே மாதக் கடைசியில் நடக்கும் பழக்கண்காட்சிக்கு இங்கே ஆரஞ்சும் திராட்சையும் அன்னாசியும் டன் கணக்கில் வந்து இறங்கி, ஆளுயரத்துக்கு மேல் பறவையாகவும் மிருகமாகவும் கட்டிடமாகவும் உருமாறி நிற்கும். மிட்செல் ஊரின் சோள மாளிகைக்கு நம் பதில் இது. கண்காட்சி இல்லாத நாளில் போனாலும் அங்குள்ள ருத்ராட்ச மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

வானத்தைக் கேட்கும் மலைச்சரிவு

இந்தப் பயணத்தில் என்னை அசரடித்தது முத்தோரை. கேத்தி, ஊட்டிச் சாலைகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் முத்தோரைக்குத் திரும்பும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஒரு மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு பிரம்மாண்டமான இரும்புத் தொட்டில் படுத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி அது. கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1970-ல் வேலையைத் தொடங்கியது.

அதை ஏன் சமதளத்தில் கட்டாமல் சரிவில் கட்டினார்கள்? இங்கேதான் சுவாரஸ்யம். ஊட்டி ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. வடதிசையில் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே 11 டிகிரி உயரத்தில்தான் தெரியும். வடக்கு நோக்கி அதே கோணத்தில் ஏறும் சரிவு ஒன்று கிடைத்தால், அதில் கிடத்தப்படும் தொலைநோக்கியின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு பூமியின் சுழற்சியை ஈடுகட்ட அதை ஒரே ஒரு அச்சில் மெல்லத் திருப்பினால் போதும்; வானத்தின் ஒரு புள்ளியை 9 மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் பின்தொடரலாம். மலையின் சாய்வே கருவியின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது! 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். எங்கோ அண்டத்தின் கோடியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை இந்தக் கம்பிகள் அரை நூற்றாண்டாக வாங்கிக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் தோட்டங்கள்.

இப்படி ஒன்று கான்சாஸில் இருந்திருந்தால், 100 மைலுக்கு முன்பிருந்தே பலகை வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஊட்டிக்குள்...

படகு இல்லத்துக்கு எதிரே இருக்கிறது நூல் தோட்டம். செடி, பூ, இலை, புல் எல்லாமே நூல். ஊசி இல்லை, இயந்திரம் இல்லை. இதழ் வடிவில் வெட்டிய துணிப்பரப்பில் இழை இழையாகக் கையாலேயே சுற்றிச் செய்தவை. ஒரு ரோஜா இதழை நெருங்கிப் பாருங்கள். காம்பருகே அடர்ந்த சிவப்பு, விளிம்புக்கு வர வர வெளிறுகிறது. அந்த நிறமாற்றத்துக்காக நூலை நிறம் மாற்றி மாற்றி, இடைவெளி தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்திருக்கிறார்கள். 50 பெண்கள், 12 ஆண்டுகள், 6 கோடி மீட்டர் நூல் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றிவரும் நீளம் அது. காக்கர் சிட்டியின் கயிற்று உருண்டை இதற்குப் பக்கத்தில் வரமுடியுமா?

1848-ல் வில்லியம் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் 2 கோடி ஆண்டு வயதான கல்மரம் ஒன்று கிடக்கிறது. கல்லாகிப்போன அடிமரம். பட்டையின் வரிகள் வரை அப்படியே தெரியும். பூப்படுகைகளின் முன் போட்டோவுக்கு நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இதன் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மேற்கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட மரங்கள். உலகமே ஆடும் ஸ்னூக்கருக்கு 1882-ல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். எழுதியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். இத்தனையும் ஒரு மணி நேரச் சுற்றளவுக்குள். நடுவில் சூடான டீயில் வர்க்கியை முக்கிச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். மேல் அடுக்கு நொறுங்கும்; உள் அடுக்கு டீயைக் குடித்துக்கொள்ளும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது.

அட்டையில் இல்லாத ஊட்டி

இனி என் கவலைக்கு வருகிறேன். ஊட்டியில் டாக்ஸி பேசினால் கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். 7 பாயின்ட், 9 பாயின்ட் என்று இடங்களின் பட்டியல். தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, படகு இல்லம், ரோஜாப் பூங்கா, ஷூட்டிங் ஸ்பாட், பைக்காரா. “எல்லாத்தையும் அஞ்சு மணிக்குள்ள முடிச்சிரலாம் சார்” என்பார் டிரைவர். அந்த அட்டையில் முத்தோரை இல்லை, கல்மரம் இல்லை. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டி, இப்போது நினைவகமாகியிருக்கும் பங்களாவும் இல்லை. இவை விட்டுப்போன இடத்தில் பேய் வீடு, மெழுகுச் சிலை, கழுத்தை ஆட்டும் டைனோசர், முதுகுக்குப் பின்னால் சிறகு வரைந்த சுவர், ஊர்ப்பெயரோடு இதயம் போட்ட ராட்சத எழுத்துகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு, எங்கே போனாலும் இதே டைனோசர், இதே சிறகு, இதே இதயம். இவற்றைப் பார்க்க 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறி வர வேண்டுமா? ஒரு மலைக்கு அதன் வினோதம்தான் முகம். எல்லா ஊருக்கும் ஒரே முகமூடியை மாட்டிவிட்டால், பிள்ளைகளுக்கு நாம் எந்த ஊரைக் காட்டினோம் என்று சொல்ல முடியும்? பிள்ளைகள் கேட்பது இதைத்தான், இதை நம்பித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்கிறார்கள் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் பிழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால், எதைக் காட்டுகிறோமோ அதைத்தானே பிள்ளை கேட்கும்?

கூடலூர் சாலையில் நடுவட்டத்தைப் பாருங்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா எடுக்க 1860-களில் இங்கே சின்கோனா மரம் வளர்த்தார்கள். பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் அதற்கும் பொறுப்பு. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்துவைத்த சிறை இன்றும் தேயிலைக்கு நடுவே நிற்கிறது. அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்பார்கள் உள்ளூரில். மலாக்கா நீரிணைப் பகுதியில் தண்டனை பெற்று வந்தவர்கள் என்பவர்களும் உண்டு. கடல் தாண்டிய கைதி, தென் அமெரிக்க மரம், நீலகிரிக் குளிர், உலகத்தின் காய்ச்சல் மருந்து. எத்தனை கதை ஒரே கட்டிடத்தில்! அந்தச் சாலையில் போகும் வண்டிகள் ஊசிமலைக் காட்சிமுனையில் நின்று, சுட்ட சோளம் தின்று, கூடலூருக்கு இறங்கிவிடுகின்றன.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் பலகை வைத்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் குப்பை வரும், அந்த இடங்களாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டதே! உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கவேண்டியதாயிற்று. இத்தனை வண்டிகளும் அதே 7 பாயின்ட்டில் போய் முட்டுவதைவிட, மலை முழுக்கப் பரவினால் நெரிசலும் குறையும், கோத்தகிரிக்கும் நடுவட்டத்துக்கும் நாலு காசும் கிடைக்கும்.

தெற்கு டகோட்டாவில் வால் என்று ஒரு சிற்றூர். அங்கே வியாபாரமே இல்லாமல் ஈ ஓட்டிய ஒரு மருந்துக்கடைக்காரர் 1936-ல் நெடுஞ்சாலை ஓரத்தில் பலகைகள் நட்டார்: ஐஸ் தண்ணீர் இலவசம். அவ்வளவுதான். வண்டிகள் திரும்பத் தொடங்கின. இன்று அந்தக் கடையைப் பார்க்கவே அவ்வூருக்குப் போகிறார்கள். வெறும் தண்ணீருக்கே ஒரு பலகை இத்தனை செய்யும் என்றால், 2 கோடி ஆண்டு மரத்துக்கு ஒரு பலகை என்ன செய்யாது?

கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் பெரிய எழுத்தில், கதையோடு, தமிழில் ஒரு பலகை. படித்துவிட்டு மலையை விட்டு வேலை தேடி இறங்கும் படுக இளைஞர்களுக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கதை சொல்லும் வழிகாட்டிகளாக்குவது. ஊட்டியிலிருந்து இந்த இடங்களைச் சுற்றிவரும் ஒரு பேருந்து. தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்குப் போகும் பயணமாக இருந்தால், அங்கே யார் வரலாம், எதுவரை வரலாம் என்பதைத் தோடர்களே முடிவு செய்யட்டும்.

இவை நடக்கும்வரை, வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஊட்டியில் வண்டி பேசும்போது அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, “முத்தோரை, கன்னேரிமுக்கு, நடுவட்டம் போலாமாண்ணா?” என்று கேளுங்கள். டிரைவர் யோசிப்பார், கணக்குப் போடுவார், ஆனால், போவார். இப்படிக் கேட்கிறவர்கள் ஒரு சீசனில் நூறு பேர் சேர்ந்தால், யாருடைய உத்தரவும் இல்லாமலே அடுத்த சீசனுக்கு அந்த அட்டையைப் புதிதாக அச்சடித்துவிடுவார்கள்.